பெல்ட் கட்டினால் முதுகு தப்பிக்குமா? ஜிம்மில் வெயிட் தூக்குவோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

மாலை 7 மணி. ஜிம்மில் நிற்க இடமில்லை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி, ராடில் இரண்டு பக்கமும் பெரிய பிளேட்டை மாட்டுகிறார். இடுப்பில் கறுப்பு பெல்ட்டை மூச்சு முட்ட இழுத்துக் கட்டுகிறார். கையில் கிளவுஸ், காலில் தடித்த சோல் வைத்த ரன்னிங் ஷூ. குனிந்து, முதுகை வில் மாதிரி வளைத்து ஒரே இழுப்பு. பக்கத்தில் இருப்பவர் "முதுகு வளையுது, எடையைக் குறைங்க" என்று சொன்னால், "பெல்ட் போட்டிருக்கேன்ல ப்ரோ, ஒன்னும் ஆகாது" என்று பதில் வருகிறது.

சென்னையோ, மதுரையோ, கோவையோ, எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிக்கலே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. பெல்ட்டைக் கவசம் என்று நினைப்பவர், பெல்ட் இல்லாமல் தொட்டே பார்க்காத எடையைத் தூக்கத் துணிகிறார். அப்படியானால் பெல்ட் வேண்டாமா? எந்த ஷூ போடுவது? கிளவுஸ் நல்லதா கெட்டதா? போட்டிக்கெல்லாம் போகாமல், உடம்பு வலுவுக்காக வாரத்துக்கு மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறவர்களின் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிவியில் பார்ப்பதும் ஜிம்மில் செய்வதும் ஒன்றா?

இல்லை. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றது பளுதூக்குதலில். டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 87 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் 115 கிலோ, மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கியதும் அதே விளையாட்டில்தான். தரையில் இருக்கும் எடை தலைக்கு மேல் போக வேண்டும். இதை ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுக்க ஒரு கோச் தேவை. வீடியோ பார்த்துப் பழகுகிற விஷயம் இல்லை.

ஜிம்மில் பெரும்பாலானவர்கள் செய்வது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட். இந்த மூன்றும்தான் வலுதூக்குதல் போட்டியில் இருக்கிறது. இரண்டு விளையாட்டுக்கும் ஷூ வேறு, பெல்ட் வேறு, உடை வேறு. ஒலிம்பிக் வீரர் போட்டிருப்பதைப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போடுவதற்கு முன்பு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் உண்மையில் என்ன செய்யுது?

பலரும் நினைப்பது போல, சுவருக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி பெல்ட் பின்பக்கம் நின்று முதுகைத் தாங்குவதில்லை. அது வேலை செய்வது வயிற்றுப் பக்கம்.

கனமான எடையைத் தூக்கும் முன் வயிறு நிறைய மூச்சை இழுத்து, அதை வெளியே விடாமல் வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பாருங்கள். யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்றால் உடம்பு தானாக எப்படி இறுகும், அது மாதிரி. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, நெஞ்சுக்கூட்டுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் இருக்கும் பகுதி காற்றடைத்த டியூப் மாதிரி விறைத்து நிற்கும். முதுகெலும்புக்கு உண்மையான துணை இந்த விறைப்புதான். இதை ஜிம் பாஷையில் பிரேசிங் என்பார்கள்.

பெல்ட் அந்த டியூப்பைச் சுற்றி ஒரு கெட்டியான சுவர். வயிறு வெளியே தள்ளும்போது அது எதிர்த்து நிற்கிறது, அதனால் உள்ளே அழுத்தம் இன்னும் கூடுகிறது. அதாவது, பிரேசிங் தெரிந்தவருக்கு பெல்ட் இன்னும் கொஞ்சம் பலம் சேர்க்கும். தெரியாதவருக்கு அது இடுப்பைச் சுற்றிய ஒரு தோல் துண்டு, அவ்வளவுதான்.

வேலையிடங்களில் பெல்ட் கட்டி மூட்டை தூக்குவதைப் பற்றி அமெரிக்காவில் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த நாட்டு அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், முதுகில் காயம் எதுவும் இல்லாத தொழிலாளர்களுக்குக் காயத்தைத் தடுக்க என்று பெல்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று 1994லேயே சொல்லிவிட்டது. கடைகளில் சரக்கு கையாளும் ஆயிரக்கணக்கான ஊழியர்களைக் கண்காணித்து 2000ல் வெளியான அதன் ஆய்வும், பெல்ட் கட்டியவர்களுக்கு முதுகு காயம் குறைந்ததாகக் காட்டவில்லை. அங்கே பயன்படுத்தியது ஜிம் பெல்ட் இல்லை, எலாஸ்டிக் பெல்ட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், பெல்ட் கட்டினாலே முதுகு தப்பிக்கும் என்கிற நம்பிக்கைக்கு அது நல்ல பதில்.

சரி, எப்போ வாங்கலாம்?

முதல் சில மாதங்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. பெல்ட் இல்லாமல், முதுகு வளையாமல், உங்கள் உடல் எடை அளவுக்காவது ஸ்குவாட் செய்ய முடிகிறது என்றால் அப்போது யோசிக்கலாம். அதற்குப் பிறகும் லேசான வார்ம் அப் செட்களைப் பெல்ட் இல்லாமல் செய்துவிட்டு, கடைசி கனமான செட்களுக்கு மட்டும் கட்டிக்கொள்வது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அகலம். பின்னால் அகலமாகவும் முன்னால் வார் மாதிரி மெலிந்தும் இருக்கும் பெல்ட்கள்தான் கடைகளில் அதிகம் கிடைக்கின்றன. வேலை நடப்பதே வயிற்றுப் பக்கம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அங்கே மெலிதாக இருந்தால் என்ன பயன்? சுற்றிலும் ஒரே அகலம் உள்ளதைப் பாருங்கள். சர்வதேச வலுதூக்குதல் கூட்டமைப்பின் விதிப்படி போட்டியில் அதிகபட்சம் 10 செ.மீ. அகலம், 13 மி.மீ. தடிமன் அனுமதி. உயரம் குறைவானவர்களுக்கு 10 செ.மீ. பெல்ட் விலா எலும்பில் குத்தும். அவர்கள் கொஞ்சம் அகலம் குறைந்ததை வாங்கலாம்.

கட்டிய பிறகு ஒரு விரல் உள்ளே போகிற அளவு இடம் இருக்க வேண்டும். மூச்சே இழுக்க முடியாத அளவுக்கு இறுக்கினால் பெல்ட்டின் நோக்கமே போச்சு. செட் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஜிம்முக்குள் நுழைந்ததிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் வரை கட்டிக்கொண்டே சுற்றுவது வெறும் ஸ்டைல்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வயிற்றைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும் 'ஸ்வெட் பெல்ட்' வேறு, லிஃப்டிங் பெல்ட் வேறு. முதலாவது வியர்க்க வைக்கும். வியர்வையாகப் போவது தண்ணீர், கொழுப்பு இல்லை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் குறைந்த எடை திரும்பி வந்துவிடும்.

மூச்சை அடக்குவது யாருக்கு ஆபத்து?

மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சில நொடிகளுக்கு எகிறும். எவ்வளவு என்றால், கனடாவில் 5 பாடிபில்டர்களின் ரத்தக் குழாயிலேயே கருவி பொருத்தி அளந்து 1985ல் ஒரு ஆய்வு வெளியானது. இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்தபோது சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. ஆரோக்கியமான இளம் உடம்பு இதைத் தாங்கிக்கொண்டு நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயப் பிரச்னை, குடலிறக்கம், கண் விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் கனமான எடைக்குப் போகக் கூடாது. எடையைக் குறைத்து, தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுப்பது இவர்களுக்கான வழியாக இருக்கலாம். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டெட்லிஃப்ட்: ராடு காலை ஒட்டியே வரணும்

தண்ணீர்க் குடத்தை இடுப்போடு ஒட்டி வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அதே குடத்தை இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடித்தால் பத்து அடிகூடப் போக முடியாது. குடத்தின் எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. டெட்லிஃப்டின் சூட்சுமம் இவ்வளவுதான்.

கணக்காகவே பார்க்கலாம். முதுகை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5, 6 செ.மீ. தூரத்தில் இருந்துகொண்டு இழுக்கின்றன. 60 கிலோ எடை உங்கள் காலை விட்டு 10 செ.மீ. முன்னால் போய்விட்டால், அதைச் சமாளிக்க அந்தத் தசைகள் கிட்டத்தட்ட 100 கிலோவுக்குச் சமமான இழுவிசையைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ராடில் ஒரு பிளேட் கூட ஏற்றாமலேயே முதுகுக்கு இத்தனை கூடுதல் வேலை.

அதனால், நிற்கும்போதே ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கட்டும். முன் விரல்களுக்கு மேலே அல்ல. கெண்டைக்காலின் முன் எலும்புக்கும் ராடுக்கும் 2, 3 செ.மீ. இடைவெளி போதும். குனிந்து பிடித்த பிறகு, ராடை நகர்த்தாமல் முழங்காலை மடக்கிக் காலைக் கொண்டுபோய் அதில் ஒட்டுங்கள். நெஞ்சை நிமிர்த்தி, அக்குளில் ஒரு பேப்பரை இடுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி தோள்களை இறுக்குங்கள். மூச்சு இழுத்து வயிற்றை இறுக்கி, எடையை மேலே இழுக்கிறோம் என்று நினைக்காமல் தரையைக் காலால் கீழே தள்ளுகிறோம் என்று நினையுங்கள். மேலே போனதும் நிமிர்ந்து நின்றால் போதும். பின்பக்கம் வளைந்து போஸ் கொடுக்க வேண்டாம்.

நம்ம ஊர் ஜிம்களில் ஒரு கூடுதல் பிரச்னை உண்டு. போட்டிக்கான பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; அதனால் தரையிலிருந்து ராடின் மையம் 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். பல ஜிம்களில் 10 கிலோ இரும்பு பிளேட் அதில் பாதி விட்டம்தான் இருக்கும். அதை மாட்டினால் ராடு கணுக்காலுக்குக் கிட்டே போய்விடும், எவ்வளவு சரியாகச் செய்தாலும் முதுகு வளையும். இரண்டு பக்கமும் கீழே பிளேட்களை அடுக்கியோ, மரக்கட்டை வைத்தோ ராடை உயர்த்திக்கொள்ளுங்கள். மாஸ்டர் முறைத்தால் காரணத்தைச் சொல்லுங்கள்.

ராடின் எடையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பளுதூக்குதல் போட்டி ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. உள்ளூரில் செய்த ராடு 8 கிலோவாகவும் இருக்கலாம், 12 கிலோவாகவும் இருக்கலாம். "நான் 60 தூக்குறேன்" என்று ஒரு ஜிம்மில் சொன்னவர் அடுத்த ஜிம்மில் அதே பிளேட்டோடு திணறுவது இதனால்தான்.

ஸ்குவாட்டில் முழங்கால் முன்னே வரக் கூடாதா?

"முட்டி கால் விரலைத் தாண்டக் கூடாது" என்று பல மாஸ்டர்கள் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் 2003ல் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற 7 ஆண்களை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். முழங்கால் முன்னே போகாதபடி பலகை வைத்துத் தடுத்தபோது முழங்காலில் விழும் திருகுவிசை சுமார் 22 சதவீதம் குறைந்தது. இடுப்பில் விழுந்ததோ 10 மடங்குக்கு மேல் எகிறியது. காரணம் சிம்பிள்: முட்டியைத் தடுத்தால் உடம்பு முன்னால் சாய்ந்துதானே ஆகணும்? உட்காரும்போது முழங்கால் இயல்பாகக் கொஞ்சம் முன்னே வரட்டும். அது உள்பக்கம் மடங்காமல் கால் விரல் காட்டும் திசையிலேயே போவதையும், குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் இருப்பதையும் பாருங்கள்.

குதிகால் கிளம்புகிறதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். வெறுங்காலோடு குத்துக்காலிட்டு உட்காருங்கள். பாதம் முழுக்கத் தரையில் இருந்தால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது. பின்னால் விழுகிற மாதிரி இருந்தால் கணுக்கால் இறுக்கமாக இருக்கலாம். பளுதூக்குதல் ஷூவில் குதிகால் சுமார் 2 செ.மீ. உயர்ந்து, கட்டை மாதிரி கெட்டியாக இருப்பது இதற்காகத்தான். வாங்குவதற்கு முன் குதிகாலுக்கு அடியில் மெல்லிய பிளேட் வைத்து, லேசான எடையில் செய்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மட்டும் ஷூவுக்குச் செலவு செய்யலாம்.

ரன்னிங் ஷூ ஏன் வேண்டாம்?

மெத்தை மேல் நின்றுகொண்டு சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், புரியும். ரன்னிங் ஷூவின் சோல் அதிர்ச்சியை உறிஞ்ச உருவாக்கப்பட்டது. எடை ஏறும்போது அது அமுங்கி, பாதம் பக்கவாட்டில் ஆடும். டெட்லிஃப்டுக்குத் தட்டையான, மெல்லிய, கெட்டியான சோல் போதும். ஸ்கூலில் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை கேன்வாஸ் ஷூ ஞாபகம் இருக்கா? அதுவே ரொம்ப நல்ல டெட்லிஃப்ட் ஷூ. ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன் இதை முயற்சி செய்யுங்கள். வெறுங்காலில் செய்வதும் டெக்னிக்குக்கு நல்லதுதான், ஆனால் பிளேட் விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிளவுஸ், சாக், ஸ்ட்ராப்

கையில் காய்ப்பு வரக் கூடாது என்று கிளவுஸ் போடுகிறார்கள். அது ராடின் பருமனைக் கூட்டுகிறது, பிடி சீக்கிரம் நழுவும். காய்ப்புக்குப் பயந்தால் ராடை உள்ளங்கை நடுவில் பிடிக்காமல் விரல்களின் அடிப்பகுதியில் பிடியுங்கள், பாதி குறைந்துவிடும்.

வியர்வைக்குச் சரியான மருந்து சாக் பவுடர், அதாவது மெக்னீசியம் கார்பனேட். நம்ம ஊர் வியர்வைக்கு இது கிளவுஸை விட எவ்வளவோ மேல். இதை டால்கம் பவுடரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சாக் ஈரத்தை உறிஞ்சிப் பிடியைக் கொடுக்கும், டால்கம் வழுக்கும். வலுதூக்குதல் வீரர்கள் டெட்லிஃப்டுக்கு முன் தொடையில் பவுடர் பூசுவது ராடு வழுக்கிக்கொண்டு ஏறுவதற்காக. அதைப் பார்த்துக் கையில் பூசியவர்களும் உண்டு! தூள் பறக்கிறது என்று ஜிம்மில் தடுத்தால் லிக்விட் சாக் கிடைக்கிறது.

ஸ்ட்ராப், முதுகுக்கு முன்னால் பிடி சோர்ந்துபோகும் கடைசி செட்களுக்கு மட்டும். ஒரு கை மேலாகவும் ஒரு கை கீழாகவும் பிடிக்கிறவர்கள், உள்ளங்கை முன்னால் பார்க்கும் கையின் முழங்கையை மடக்கி இழுக்கக் கூடாது. பைசெப்ஸ் தசைநார் அறுவது அந்தக் கையில்தான்.

முழங்காலுக்குப் போடும் ஸ்லீவ் கொஞ்சம் சூடும் கொஞ்சம் இறுக்கமும் தரும். ஏற்கெனவே வலி இருந்தால் அதை மறைக்கப் போடாதீர்கள்.

பெஞ்ச் பிரஸ்ஸில் தனியா மாட்டிக்கிட்டா?

இந்த மூன்றில் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது இதுதான். ராடு கழுத்துக்கோ நெஞ்சுக்கோ மேலே இருக்கிறது, நீங்கள் கீழே படுத்திருக்கிறீர்கள். கட்டை விரலைச் சுற்றாமல் ராடைப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மணிக்கட்டு பின்னால் சாயாமல், முழங்கைக்கு நேர் மேலே இருக்கட்டும். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து பெஞ்சில் பதித்து, ராடை நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு இறக்குங்கள்.

ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், அல்லது ரேக்கில் இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பி இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டம்பெல்லுக்கு மாறுங்கள். வேறு வழியில்லாமல் தனியாக ராடில் செய்கிறீர்கள் என்றால், பிளேட்டுக்கு லாக் போடாதீர்கள். ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்டுக்கும் லாக் அவசியம். இங்கே மட்டும் விதிவிலக்கு. மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைச் சரிய விட்டுத் தப்பிக்கலாம். சத்தம் வரும், டைல்ஸ் உடையும், பரவாயில்லை. உதவிக்குக் கூப்பிட வெட்கப்படவே கூடாது. பக்கத்தில் இருக்கிறவர் அண்ணனோ அக்காவோ, செட் ஆரம்பிக்கும் முன்பே "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லி வையுங்கள்.

என்ன டிரஸ் போடலாம்?

உட்கார்ந்து எழுந்தால் தொடையில் பிடிக்காத, முட்டியில் சிக்காத எதுவும் சரி. ஜீன்ஸ் வேண்டாம். லூஸான டீ ஷர்ட் ஃபார்ம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவிடாது, அதனால் ஓரளவு உடம்போடு இருப்பது நல்லது. ஸ்குவாட் செய்யும்போது காட்டன் டீ ஷர்ட்டில் ராடு நழுவாமல் நிற்கும், வழுவழுப்பான பாலியெஸ்டரில் வியர்வையோடு கீழே இறங்கப் பார்க்கும். டெட்லிஃப்ட் அன்று முழங்கால் வரை நீளும் சாக்ஸ் போடுங்கள். வலுதூக்குதல் போட்டியில் இது கட்டாய விதியே. கால் எலும்பில் தோல் உரிந்து ராடில் ரத்தம் படியாமல் இருக்கத்தான். அடுத்தவரும் அதே ராடைத்தான் பிடிக்கப் போகிறார்.

முழுக்கை, முழுக்கால் உடையோடு பயிற்சி செய்ய விரும்பும் பெண்கள் தயங்க வேண்டியதே இல்லை. பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க வீராங்கனை குல்சூம் அப்துல்லா கேட்டுப் போராடியதில், உடம்பை முழுக்க மூடும் இறுக்கமான உடையைப் போட்டி உடைக்கு உள்ளே அணியலாம் என்று சர்வதேச பளுதூக்குதல் சம்மேளனம் 2011ல் விதியை மாற்றியது. ஜிம்மில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: துப்பட்டா, தொங்கும் நாடா, வளையல், செயின் எதுவும் ராடிலோ மெஷினிலோ சிக்கக் கூடாது. மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்.

வலி வந்தால் எப்போ டாக்டர்?

மறுநாள் தசை பிடித்துக்கொண்டு வலிப்பது சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். தூக்கும்போதே சுருக்கென்று பிடித்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வலி முதுகிலிருந்து பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கினால், கால் மரத்துப் போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் தடுமாறினால் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதை நம்பிக் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் பகுதியில் உணர்ச்சி குறைந்தாலோ அது அவசர சிகிச்சைக்கான அறிகுறி. மறுநாள் வரை தள்ளிப்போடாமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.